அப்பாவின் பச்சை வேட்டி

அன்புள்ள ஈஸ்வர் அண்ணனுக்கு, அம்மா மயிலம்மாள் சொல்லச் சொல்லத் தங்கை அறிவுச்செல்வி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், கோழிகள் எல்லோரும் சுகம். கோழிகள் சுகம் என்று எழுத நேற்றுச் சாயங்காலம் வரை எங்களால் முடியவில்லை. உன் போன் போர்வெல் குழிக்குள் விழுந்துவிட்டது என்று உன் முதலாளி சொன்னதிலிருந்து, விழுந்தது போன் மட்டும்தானா என்று அம்மா அவரைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டாள். ஜபல்பூர் பக்கம் குளிர் அதிகமாமே, காதைக் கட்டிக்கொள், குழி போடும் ரிக் வண்டி ஓடும்போது பக்கத்தில் நின்று வாய் பார்க்காதே என்று எழுதச் சொல்கிறாள். அடுப்புக்கும் இங்கேயும் நடந்துகொண்டே சொல்வதால், விட்டுப்போவதை நானே நிரப்பிக்கொள்கிறேன்.

முதலில் என்னை யோசிக்க வைத்தது அப்பாவின் வேட்டிதான். நான் பத்தாவதோடு நின்ற பிறகு பண்ணை ஆபீஸில் உட்கார்ந்து கேமரா பார்க்கிறேன் இல்லையா, பெட்டி டிவி மாதிரி இருக்கும் அந்தப் பழைய மானிட்டரில், முதல் ஷெட்டுக்குள் நுழைந்த அப்பாவின் வேட்டி பச்சையாக இருந்தது. வெளியே வந்தபோது வெள்ளை. அம்மாவும் எட்டிப் பார்த்துவிட்டு, அட சாமி, உங்கப்பனுக்கும் தொத்திக்கிச்சே என்று அலறிக்கொண்டு கசாயம் வைக்க ஓடினாள். ஏனென்றால் அதற்கு முந்தின நாளே முதல் ஷெட்டுக் கோழிகள் திரையில் பச்சையாகிவிட்டிருந்தன. கழுத்தெல்லாம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, யாரோ காதைப் பிடித்துத் திருகுவதுபோல நின்றன.

அப்பா ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தார். கோழிகள் வெள்ளையாகத்தான் இருந்தன, முட்டையும் குறையவில்லை. ஆனால் அப்பா நம்பவில்லை. கோழிக்கு வெள்ளைக் கழிச்சல் வரும்னு கேள்விப்பட்டிருக்கேன், இதென்ன பச்சை, எக்ஸ்ரேயில எலும்பு தெரியுதே, அது கண்ணுக்குத் தெரியுமா அம்மிணி, அது மாதிரி உள்ள இருக்கிற சீக்கைக் கேமரா காட்டுது என்றார். டாக்டர் வந்து கோழிகளைப் பிடித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அவசரமாகப் போய்விட்டார். அவர் கண்ணால பார்த்தாருங்க, கேமராவுல பார்க்கலையே என்று அம்மாவும் அப்பாவோடு சேர்ந்துகொண்டாள். பச்சைக் கோழிகளை மூன்றாவது ஷெட்டுக்கு மாற்றினார்கள். அங்கே போனதும் திரையில் அவை வெள்ளையாகிவிட்டன, அவை இருந்த இடத்துக்கு வந்த நல்ல கோழிகள் பச்சையாகிவிட்டன. அப்பா முதல் ஷெட்டின் மண்ணை எடுத்து மோந்து பார்த்தார்.

எனக்கு வேறு சந்தேகம். போன வாரம் அந்த மானிட்டர் படம் நடுங்கிக்கொண்டே இருந்தது, குறுக்கே கோடு கோடாக ஓடியது. விற்ற லாரியின் டேஷ்போர்டிலிருந்து எடுத்து வைத்திருந்தோமே ஒரு ஆஞ்சநேயர், அடியில் காந்தம் வைத்தது, அவரைக் கொண்டுவந்து அம்மா மானிட்டர் தலையில் இடது பக்கம் உட்கார வைத்தாள். நடுக்கம் நின்றுவிட்டது, கோழிகள் பச்சையானதும் அன்றைக்குத்தான். வைக்கும்போது அம்மாவின் முழங்கை பின்னாலிருந்த ஒயரை உள்ளே தள்ளியதை நான் பார்த்தேன், ஆனால் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தபோது அதை எப்படிச் சொல்வது. அப்புறம் சனிக்கிழமை சாமியைக் குளிப்பாட்ட எடுத்துப்போன நேரம் கரண்டு போய் வந்தது. மானிட்டர் டொய்ங் என்று எழுந்தபோது கோழிகளெல்லாம் வெள்ளை. சாமி திரும்பி வந்து உட்கார்ந்தார், மறுபடி பச்சை.

சோதித்துப் பார்க்கலாம் என்று நேற்று மத்தியானம் சாமியை வலது பக்கம் நகர்த்தினேன். திரையில் இடது பக்கம் தெரிவது முதல் ஷெட், வலது பக்கம் இரண்டாவது. அதுவும் பச்சையானது. சரியாக அந்த நேரத்தில் அப்பா உள்ளே வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், ரெண்டாவதுக்கும் பரவிருச்சு என்று வெளியே ஓடிக் இறைச்சிக்குக் கழிவுக்கோழி எடுக்கும் வியாபாரி குமரகுருவுக்குப் போன் போட்டு, ரெண்டு ஷெட்டையும் இன்னிக்கே ஏத்திக்கங்க, என்ன விலைன்னாலும் சரி என்றார். உன் சம்பளத்தில் இறக்கிய குஞ்சுகள் அண்ணா, இப்போதுதான் நன்றாக முட்டையிடுகின்றன.

சாயங்காலம் லாரி வந்து ஆட்கள் கூண்டைத் திறக்கப் போனார்கள். வெளியாள் வந்தால் நான் தண்ணீர்ச் சொம்பைக் கதவோரம் வைத்துவிட்டு ஓடுகிறவள் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் போய் நின்று, அப்பா, திறக்க வேண்டாங்க என்று கத்தினேன். கோழி கொக்கரித்ததுபோல வந்தது குரல். குமரகுரு அப்பாவைத் திரும்பிப் பார்த்து, ஏனுங் மணியண்ணா, இந்தப் புள்ளைக்குப் பேச வருமா என்று கேட்டார். அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனேன், குமரகுருவும் பின்னாலேயே வந்தார். சாமியை இடது பக்கம் வைத்தேன், வலது பக்கம் வைத்தேன், பிறகு தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மானிட்டர் சுவிட்சை அணைத்துக் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி போட்டேன். இரண்டு ஷெட்டும் வெள்ளை. சாமிக்கு அடியில இருக்கிற காந்தந்தாங்க படத்தைப் பச்சையாக்குது, அணைச்சுப் போட்டா மானிட்டர் தானே சரியாயிருதுங்க என்றேன். அப்பா திரையையும் சாமியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்பச் சீக்கு கோழிக்கில்லையா, சாமிக்கா என்றார். அதற்காக அம்மா இன்னும் அவரோடு பேசவில்லை. வந்ததுக்கு நாலு கோழியாவது குடுங்க என்று கேட்டுப் பார்த்துவிட்டுக் குமரகுரு காலி லாரியோடு போனார்.

மானிட்டரை மாற்றலாம் என்றால் அப்பா கேட்பதாக இல்லை. நன்றாகத்தானே தெரிகிறது என்கிறார். சாமிக்குத்தான் இப்போது இடமில்லை. லாரியில் இருந்தவர் லாரிக்கே போகட்டும், பெரியவன் தன் ரிக் வண்டியில் வைத்துக்கொள்ளட்டும், அவனுக்கும் துணையாக இருக்கும் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். மறக்காமல் சனிக்கிழமை ஒரு பூ வை, டிவி பக்கம் மட்டும் வைக்காதே, இதை இரண்டு தடவை எழுதச் சொன்னாள், டிவி பக்கம் வைக்காதே. நோய் நொடி இல்லாமல், போடுகிற குழியிலெல்லாம் தண்ணீர் வந்து, நல்லபடியாக ஊர் வந்து சேர் சாமி. புதுப் போன் வாங்கினால் கயிறு கட்டிக் கழுத்தில் போட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா மயிலம்மாள்
(கையெழுத்து மட்டும் அம்மாவுடையது)

உங்கள் ரிக்குக்குச் சாமான் கொண்டுவரும் வேல்முருகன் அண்ணன் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ஆரன் அடிக்கிறார். படம் மறுபடி நடுங்காமல் இருக்க மானிட்டர் ஒயரின் இரண்டு திருகையும் நகத்தால் இறுக்கிவிட்டேன். சாமியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, இந்த முறை கதவோரம் நிற்காமல் வண்டி வரைக்கும் போய், இந்தக் கடிதத்தோடு அவர் கையிலேயே கொடுக்கப் போகிறேன்.