காக்காய்க்கு வைத்த சோறும் கிழிந்த ரப்பரும்

ஏனுங்க,

விரல் நீளக் கறுப்பு ரப்பர்த் துண்டு ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். போன வாரம் காக்காய்க்குச் சோறு வைத்த இலையில் கிடந்தது. சோற்றைக் காணோம், ரப்பர் இருந்தது. முகர்ந்து பார்த்தேன், நீங்கள் பூசிய பசையின் வாசம் இன்னும் போகவில்லை. கோழி செட்டில் கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் சந்தை அடைக்க, ஏணியில் ஏறி நின்று நீங்களே ஒட்டிய ரப்பர். அதைப் பிய்த்து என் இலையில் போட்டுவிட்டுப் போனது யார்? எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை.

ஊரெல்லாம் திறந்த செட்டு போட்டபோது நீங்கள் மட்டும் நாலு பக்கமும் மூடிய செட்டுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றீர்கள். "இது செட்டு இல்ல அம்மிணி, பொட்டி. ஒரு பக்கம் ஈரக்காத்து உள்ள வரோணும், அந்தப் பக்கம் ஃபேன் இழுத்து வெளிய தள்ளோணும். நடுவுல ஓட்டை இருந்தா வெயில் காலத்துல கோழி வெந்துபோயிரும்" என்பீர்கள். தினமும் காலையில் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு சுவரோரமாக வெளியே நடப்பீர்கள். எங்காவது புகை உள்ளே இழுபட்டால் அங்கே ஓட்டை. சாமிக்குக் காட்டும் முன்பே சந்துக்குப் பத்தி காட்டிய மனுஷன் இந்த நாமகிரிப்பேட்டைப் பக்கத்திலேயே நீங்கள் ஒருவர்தான்.

அந்த ரப்பரை இழுத்து இழுத்துக் கிழித்ததால்தானே காக்காய் என்றாலே உங்களுக்கு ஆகாது? பளபளக்கும் தட்டுகளைக் கட்டிப் பார்த்தீர்கள், கறுப்புத் துணியைத் தொங்கவிட்டீர்கள். காக்காய் அதன் மேலேயே உட்கார்ந்து பார்த்தது. ஒருநாள் கோபத்தில் செருப்பைக் கழற்றி வீசினீர்கள். அது கூரையைத் தாண்டிப் பக்கத்துத் தோட்டத்து மரவள்ளிக்குள் விழுந்து, பொழுதுக்கும் ஒற்றைச் செருப்போடு நொண்டினீர்கள். நான் சிரித்தேன். "ரப்பர் திங்கற சாதி எங்கயாச்சும் உண்டா? இதுகளுக்குச் சோறு போட ஆளில்லையா?" என்று கத்தினீர்கள். "நீங்கதான் போடறது" என்றேன். "நானா? என்ற ரப்பரக் கிழிக்கறதுக்குக் கூலியா?" என்றீர்கள்.

அப்படிப்பட்டவருக்கு, ஐப்பசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவருக்கு, நான் காக்காயைக் கூப்பிட்டுத்தான் சோறு வைக்க வேண்டியிருந்தது. வேறு எப்படி உங்களுக்குச் சோறு போட? வீட்டு மாடியில் வைக்கலாம் என்றார்கள். நீங்கள் எந்த நாள் வீட்டில் இருந்தீர்கள், மாடிக்கு வர? அதனால் செட்டு மூலையில், நீங்கள் உட்காரும் குட்டைச் சுவரின் மேல் வைத்தேன். முதல் நாளே காக்காய் வந்தது. நான் அழுதுவிட்டேன். அன்றிலிருந்து அது தின்னாமல் நான் தின்பதில்லை.

பங்குனி வெயில் ஏறியது. அந்த மூலையில் மட்டும் கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. காலையில் செத்ததைக் கூடையில் அள்ளி வந்தேன். இன்னும் ஒரு வாரம் இப்படிப் போனால் செட்டே காலியாகிவிடும். உங்கள் படத்துக்கு முன்னால் எரிந்த பத்தியையே எடுத்துக்கொண்டு ஓடினேன். குட்டைச் சுவருக்கு நேர் மேலே புகை சர்ரென்று உள்ளே போனது. அங்கே ரப்பர் நாராகத் தொங்கியது.

நம் மகள் கெங்கவல்லியிலிருந்து வந்திருந்தாள். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏம்மா, சோத்தப் போட்டு நீயேதான் கூப்படற. தின்னுபோட்டுச் சும்மா இருக்குமா? தலைக்கு மேலயே ரப்பர் தொங்குது."

"வாயக் கழுவு. அது உங்கய்யனாக்கும்."

"அய்யனே வந்து, அய்யன் ஒட்டுன ரப்பரையே கிழிப்பாங்களா?"

நீங்களே சொல்லுங்கள். நீங்கள் என்றால் எதற்குக் கிழிக்கிறீர்கள்? நீங்கள் இல்லை என்றால் இத்தனை நாளாக நான் யாருக்குச் சோறு வடித்தேன்? இதில் இன்னொன்றும் இருக்கிறது. போவதற்கு முன் அந்த மூலையைக் காட்டி, "இது மட்டும் மனசுக்கு ஒப்பல அம்மிணி, பிரிச்சுப்போட்டு ஒட்டோணும்" என்று சொன்னீர்களே. அதைப் பிரிக்கத்தான் வந்தீர்களா? மகளிடம் சொன்னால் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவாள்.

கடைசியில் பள்ளிபாளையத்து ஃபிட்டரை வரவழைத்தேன். புது ரப்பர் ஒட்டி, அதன் மேல் மூக்கு நுழையாதபடி தகரப் பட்டையை மடக்கி, செட்டைச் சுற்றித் திருகிவிட்டார். பத்தியைக் காட்டினேன். புகை நேராக நின்றது. நீங்கள் பார்த்திருந்தால் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்திருப்பீர்கள்.

சோறு வைக்கும் இடத்தையும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மாற்றிவிட்டேன். இன்று வைத்துவிட்டுத் தொண்டை வறளக் கூப்பிட்டேன். வரவில்லை. செட்டுப் பக்கம் டொக் டொக்கென்று சத்தம். போய்ப் பார்த்தால் அதே மூலையில், காக்காய் புதுத் தகரத்தின் மேல் உட்கார்ந்து திருகாணியைக் கொத்திக்கொண்டிருக்கிறது. வந்த ஆத்திரத்தில் கல்லை எடுத்து ஓங்கினேன். அது தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது.

"கோழியெல்லாம் நல்லா இருக்குதுங்க. சோறு தொட்டிக்கிட்ட வெச்சிருக்குது, ஆறிப்போகுது, வாங்க" என்றேன்.

வரவில்லை. நானும் இன்னும் சாப்பிடவில்லை. எறியாத அந்தக் கல் என் முந்தானையில்தான் முடிந்திருக்கிறது.