விட்டுப்போன மூன்றாம் ஆண்டு

அன்புள்ள குண்டூசிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் வீட்டிலும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம், பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா படுத்த படுக்கையானதும் மூன்றாம் ஆண்டில் பெட்டியைக் கட்டிக்கொண்டு விடுதியை விட்டுப் போனேனே, அந்த வேதியியல் பட்டத்தை இருபத்திரண்டு வருடம் கழித்து வாங்கிவிட்டேன். சிரிக்காதே. நம் கல்லூரியேதான், ஆன்லைனில்.

இவர் மின்கம்பத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போய் நான்கு வருடம் ஆகிறது. காலையில் மட்டும் பக்கத்துத் தெரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிக் குழாய்கள் கழுவுகிறேன். பட்டம் இருந்தால் பரிசோதனை மேசைக்கு மாற்றுவதாகச் சொன்னார்கள். அப்படித்தான் சேர்ந்தேன். இவருக்கு முதுகு துடைத்துக்கொண்டே பதிவு செய்த பாடம் கேட்பேன். புரியாவிட்டால் பேராசிரியரை நிறுத்தி, பின்னால் இழுத்து, நாலு தடவை சொல்ல வைப்பேன். நம் காலத்தில் "புரியலை சார்" என்றதற்கே வெளியே நிற்க வைத்தார்கள்!

ஆனால் பக்கத்தில் யாரும் இல்லையடி. கண்ணசந்தால் கிள்ளி எழுப்ப ஆளில்லை. செய்முறை வகுப்பும் திரையில்தான். விரலால் தொட்டால் சொட்டு விழும், சரியான சொட்டில் இளஞ்சிவப்பு வரும். வாசனை கிடையாது, கைநடுக்கம் கிடையாது. அன்று நம் ஆய்வகத்தில் எனக்கு ஒரு சொட்டு அதிகமாகிக் குடுவை பீட்ரூட் சாறு மாதிரி ஆனதும், நீ உன் குடுவையை என் பக்கம் தள்ளிவிட்டு என் திட்டையும் சேர்த்து வாங்கினாயே, அதை நினைத்துத் தனியாகச் சிரித்தேன்.

கடைசித் தேர்வில்தான் வினை வந்தது. கேமரா முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும், எழுந்திருக்கக் கூடாது. பாதியில் உள்ளறையில் தொப்பென்று சத்தம். தண்ணீர்ச் சொம்பை எட்டப்போய்க் கட்டிலிலிருந்து விழுந்திருந்தார். தூக்கிக் கிடத்திவிட்டு ஓடி வந்தால், முறைகேடு என்று சொல்லித் தேர்வு மூடிக்கிடந்தது. மூன்று முறை முறையிட்டேன். மூன்றுக்கும் எழுத்து மாறாமல் ஒரே பதில்; மனிதர் எழுதியதாகத் தெரியவில்லை. "எல்லாம் என்னாலதான் போச்சு" என்று இவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசியில் பேராசிரியருக்கே எழுதினேன். மறுநாளே போன். "கொஞ்ச நேரம் வெச்சிருந்தா அந்த இளஞ்சிவப்பு ஏன் மறைஞ்சு போகுதுன்னு கேட்டது நீங்கதானேம்மா?" என்றார். இருநூறு பேரில் நான் எப்போதோ எழுதி அனுப்பிய கேள்வி அவருக்கு நினைவிருந்தது. அவர்தான் பேசி மறுதேர்வு வாங்கிக் கொடுத்தார்.

மறுதேர்வு அன்று மூன்று மணி நேரமும் உள்ளறையில் சத்தமே இல்லை. எழுதி முடித்துப் போய்ப் பார்த்தால் இவர் உதடு வறண்டு வெடித்திருந்தது. கைக்கெட்டும் தூரத்தில்தான் சொம்பை வைத்திருந்தேன், தொடவே இல்லை. "குடிச்சா அப்புறம் உன்னைத்தானே கூப்பிடணும்" என்றார். தேர்ச்சி பெற்ற செய்தி வந்தபோதுகூட நான் அவ்வளவு அழவில்லை.

சான்றிதழ் மின்னஞ்சலில் வந்துவிட்டது. விருப்பமுள்ளவர்கள் அடுத்த மாதம் விழாவுக்கு நேரில் வரலாமாம், துணைக்கு ஒருவரை அழைத்து வரலாமாம். இவரால் படியேற முடியாது. "உன் கூட்டாளியைக் கூப்பிடு" என்கிறார்.

உன் பட்டமளிப்பு அன்று எனக்குக் காய்ச்சல் என்று எழுதியிருந்தேன். காய்ச்சல் இல்லை. அன்று முழுக்கத் துணி துவைத்தேன், துவைத்ததையே மறுபடியும் துவைத்தேன். உன்னைக் கறுப்பு அங்கியில் பார்க்கும் மனசு எனக்கு அப்போது இல்லை.

நீ இருக்கும் தூரம் எனக்குத் தெரியும். வர முடியாவிட்டால் உள்ள காரணத்தை எழுது, கோபித்துக்கொள்ள மாட்டேன். உன் பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் இருக்கட்டும். மேடையில் என் பெயரைக் கூப்பிட்டதும் கூட்டத்தில் உன் முகத்தைத்தான் தேடுவேன். வந்துவிடு.

இப்படிக்கு,
உன் தூங்குமூஞ்சி