பொலித்தீன் பிரிக்காத அங்கிகள்

மச்சாள்,

பன்னிரண்டு புதிய உயிர்காப்பு அங்கிகளை அறைக்குள் பூட்டி வைத்துவிட்டு, உன்னை வெறும் சட்டையோடு குளத்தில் இறங்க விட்டார்கள். நடந்தது இதுதான். மாதர் சங்கத்துக் கொப்பியில் ‘விபத்து’ என்று எழுதியிருக்கிறார்கள். அதன் கீழே நான் கையொப்பம் வைக்கவில்லை. வைக்கவும் மாட்டேன்.

இன்று காலை என் பழைய அங்கியைக் கொடியிலிருந்து எடுத்தேன். இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுத் தோய்த்தும் குளத்துப் பாசி மணம் போகவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு குசினி வாசலில், அடுப்புப் புகைக்குள் இருந்துதான் இதை எழுதுகிறேன்.

போரின் கடைசிச் சண்டையில், ஷெல்லடிக்குத் தப்பி, கழுத்தளவு தண்ணீரில் கடல்நீரேரியைக் கடந்ததிலிருந்து நான் தண்ணீருக்குக் கிட்டப் போனதில்லை. குளக்கட்டில் நடந்தாலும் வயல் பக்க ஓரமாகத்தான் நடப்பேன். சங்கத்துக்கு இரண்டு பேர் ஏறும் கயாக் படகுகள் வந்தன. அண்ணனைக் கட்டி வந்த நாளிலிருந்து என்னைக் கேளாமல் எனக்காக முடிவெடுக்கிற நீ, என் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டாய்.

“அறுபத்திரண்டு வயசிலை எனக்கென்ன விளையாட்டு?” என்று சீறினேன்.

“நீ முன்னுக்கு இரு, நான் பின்னுக்கு இருக்கிறன். விழுந்தா ரெண்டு கிழவியளும் சேர்ந்து விழுவம்.”

முதல் மூன்று சனிக்கிழமையும் நான் துடுப்பைத் தொடவில்லை. படகின் விளிம்பைத்தான் பிடித்திருந்தேன். “அது உன்ரை மாட்டின்ரை கொம்பில்லை மச்சாள், விடு!” என்று பின்னாலிருந்து நக்கலடித்தாய். நாலாம் கிழமை விட்டேன். நடுக்குளத்தில் கையைத் தண்ணீருக்குள் வைத்துப் பார்த்தேன். அது வெறும் தண்ணீராகத்தான் இருந்தது. நான் அழுதேன். நீ மெல்லத் துடுப்பு வலித்துக்கொண்டிருந்தாய்.

பழைய அங்கிகளில் வார் அறாதது ஒன்றே மிஞ்சிய அன்று, அறையில் பூட்டியிருந்த புதியவற்றைக் கேட்டோம்.

“படகுத்துறைத் திறப்புவிழாவுக்குப் பெரிய ஆள் வாறார் அக்கா. பொலித்தீன் கழட்டினா பழசாத் தெரியும்,” என்றார் செயலாளர்.

“அவரோ பிள்ளை படகு ஓடப்போறார்?” என்று சிரித்தாய். பிறகு அந்த ஒன்றை எனக்கு மாட்டி வாரை இறுக்கினாய். “எனக்கு நீந்தத் தெரியும். நீ போடு.”

எதற்கெடுத்தாலும் பிடிவாதம் பிடிக்கிற நான், அன்று மட்டும் ஒரு சொல் மறுக்கவில்லை.

காற்றில் படகு கவிழ்ந்தது. என்னை அங்கி மேலே தூக்கியது. உன் கால்களைத் தாமரைக் கொடி பிடித்துக்கொண்டது.

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. அறை இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது.

செயலாளர் நாளைக்கே அதைத் திறந்து, பொலித்தீனைக் கிழிக்க வேண்டும். தலைவி கொப்பியில் அந்தச் சொல்லை வெட்டிவிட்டு, நடந்ததை எழுத வேண்டும். நானும் போய்விடக் கூடாதென்று அண்ணன் வைக்கோல் போருக்குள் ஒளித்து வைத்த என் துடுப்பைத் திருப்பித் தர வேண்டும். நான் சனிக்கிழமை குளத்துக்குப் போக வேண்டும். இனிப் பின்னுக்கு இருக்கப் போகிறவளுக்கு என் கையால் அங்கியைக் கட்டி, வாரை இழுத்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் நான் ஏற வேண்டும்.