ஞாயிற்றுக்கிழமை ஓடும் ஆறு

19.11.2023, ஞாயிறு

காற்றும் மழையும். சேர்ச்சுக்குப் போகும் வழியில் ஸ்ரெல்லாவின் குடை முறிந்தது. அதற்கும் என்னைத்தான் முறைத்தாள், மனைவியல்லவா. முற்றத்து மழைமானியை இன்று தொடவில்லை. அப்பா காலம் தொட்டு இந்த வீட்டில் ஓய்வுநாளில் வேலை நடந்ததில்லை. நாளைக்குப் பார்ப்பேன்.

20.11.2023, திங்கள்

மழை 62 மில்லிமீற்றர். கணினியில் ஏற்றினேன்.

வழுக்கையாற்றுக்கு நானே செய்த கணினி மாதிரி இது. மழையைக் கொடுத்தால், பாலத்தடியில் எவ்வளவு தண்ணீர் ஓட வேண்டும் என்று சொல்லும். உண்மையில் எவ்வளவு ஓடியது என்பதைப் பாலத்தில் பூட்டிய கருவி சொல்லும். வரைபடத்தில் இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். மூன்று மாரிகாலமாக விழவில்லை. எனக்குப் படிப்பித்தவர் யாருமில்லை, புத்தகம் பார்த்துப் பழகியவன். ஆகவே பிழை என் பக்கம்தான் என்று எல்லோருக்கும் முடிவு.

22.11.2023, புதன்

கருவியின் அளவுகளை அனுப்புகிறவள் ஷாமினி, என் தங்கையின் மகள், நீர்ப்பாசனக் கந்தோரில் பொறியியலாளர். தொலைபேசியில் சிரிக்கிறாள். "மாமா, மண் குடிக்கிற அளவைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கோ. பொருந்தீடும்."

பொருந்துவதற்காக மண்ணைப் பொய் சொல்ல வைப்பதா? "உங்கடை கந்தோரிலை அப்பிடித்தான் செய்யிறனீங்களோ?" என்று கேட்டேன். வைத்துவிட்டாள். வைக்கட்டும்.

23.11.2023, வியாழன்

பிடித்துவிட்டேன். பொருந்தாத இடமெல்லாம் ஞாயிறு. என் கணக்கில் மழையே இல்லாத ஞாயிறுகளில் ஆறு பெருகுகிறது. மழை விழுந்த திங்களில் வடிகிறது. மழைக்கு முன்னால் ஓடுகிற ஆறு எங்கே இருக்கிறது?

பாலத்துக்கு மேலே மதகைப் பார்க்கிறவன் கந்தப்பு. போன மாரி கண்டபடி தண்ணீரைத் திறந்து என் நெல்லை அழுக வைத்தவன். ஞாயிறு காலை நான் சேர்ச்சில் இருப்பேன் என்று அவனுக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து மதகுப் பலகையைக் கழற்றுகிறான். வேறு என்ன விளக்கம்?

அவனை நீக்கச் சொல்லிக் கமக்காரர் அமைப்புக்கு மனு கொடுத்தேன். வரைபடத்தையும் சேர்த்து.

25.11.2023, சனி

கூட்டம். வரைபடத்தைப் பார்த்து எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவனுக்கும் விளங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். கந்தப்பு எழும்பினான்.

"துரைராஜாண்ணை, என்னிலை கோவம் உங்கடை கொம்பியூட்டருக்கோ, உங்களுக்கோ?"

சிரித்தார்கள். "கோடு பொய் சொல்லாது" என்றேன். சிரிப்பு நின்றது. மதகுப் பூட்டின் திறப்பை இடுப்பிலிருந்து அவிழ்த்துச் செயலாளரின் மேசையில் வைத்துவிட்டுப் போனான். போகட்டும்.

28.11.2023, செவ்வாய்

மதகுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லையாம். அதற்கு நான் என்ன செய்ய?

30.11.2023, வியாழன்

தேத்தண்ணி கொண்டுவந்த ஸ்ரெல்லா திரையைக் குனிந்து பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, இது எந்த நாள்?"

"பத்தொன்பதாம் திகதி. ஞாயிறு."

"மழை இல்லையெண்டு கிடக்கு. பின்னை என்ரை குடை எந்த மழைக்கு முறிஞ்சது?"

"அந்த மழை திங்கட்கிழமைக் கணக்கிலை இருக்கு."

"அப்ப, நீங்கள் வந்து பாக்கும்வரைக்கும் ஆறு ஓடாமல் நிண்டதோ?"

கோப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்தவள் மாதிரி —

மானியைப் பார்க்காத ஞாயிறெல்லாம் கணினியில் சுழியம். இரண்டு நாள் மழையும் திங்களின் தலையில். 62ஐப் பிரித்து இரண்டு நாளிலும் போட்டேன். மற்ற ஞாயிறுகளுக்கும் அப்படியே. கோடு கோட்டின்மேல் படுத்துவிட்டது. மூன்று மாரியாகக் காத்திருந்தது இதற்குத்தான். பார்க்கவே வெறுப்பாக இருக்கிறது.

01.12.2023, வெள்ளி

செயலாளரிடம் போனேன். "கந்தப்புவிட்டை மதகுத் திறப்பைத் திருப்பிக் குடுங்கோ."

"ஏன் அண்ணை?"

"கணக்குப் பிழை."

"ஆரின்ரை கணக்கு?"

சைக்கிளை எடுத்தேன். சந்தியில் கந்தப்பு நின்றான். நான் சைக்கிளை நிறுத்தவில்லை. என் நெல் அழுகியது அழுகியதுதான்.

03.12.2023, ஞாயிறு

காலை எட்டரை. மழை 41 மில்லிமீற்றர். ஸ்ரெல்லா புதுக் குடையோடு வாசல் படலையடியில் நிற்கிறாள், நான் மானியடியில் குனிந்ததைப் பார்க்காதவள் போல.