நீங்கள் அனுப்பிய பேட்

காவாந்தண்டலம்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவீர்கள், அதனால்தான் கடிதம். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காணும் பொங்கலன்று கயிறு இழுக்கும் போட்டி நடந்தது. வருஷா வருஷம் ஜெயிப்பது உங்கள் இளைஞர் மன்றம்தானே என்ற தைரியத்தில், மஸ்கட்டிலிருந்து நீங்கள் அனுப்பிய கிரிக்கெட் பேட்டையே பரிசாக வைத்திருந்தார்கள்.

எதிர்ப்பக்கம் கயிற்றைப் பிடித்தது மகளிர் குழு. நீங்கள் என்னைச் சேரக்கூடாது என்றீர்களே, அதே குழு.

"இன்னாக்கா, கோலப் போட்டி அந்தாண்ட கீது" என்று மைக்கில் சிரித்தார் மன்றச் செயலாளர் வேதகிரி.

"கோலம்லாம் போட்டாச்சு, நீ விசிலு ஊது" என்றாள் குழுத் தலைவி இளவரசி.

நடவு நடுகிறவர்களுக்குப் பின்னோக்கி நடக்கச் சொல்லித்தர வேண்டுமா? நடவுப் பாட்டைப் பாடிக்கொண்டே எல்லோரும் ஒன்றாகக் காலைப் பின்னால் வைத்தார்கள். மன்றத்துப் பையன்கள் ஆளுக்கொரு நேரம் இழுத்து, மொத்தமாகக் குப்புற விழுந்தார்கள். ஊரே கை தட்டியது. உங்கள் அம்மாவும்தான்!

இப்போது வேதகிரி தினமும் நம் வாசலில் வந்து நிற்கிறார். "அண்ணி, பேட்டை கொஞ்ச நேரம் குடுங்க, பசங்க பேஜார் பண்றானுங்க" என்கிறார். குழுவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

நம் வாசலில் ஏன் என்கிறீர்களா? ஜெயித்த பக்கத்தில் கயிற்றின் கடைசி முனையை இடுப்பில் கட்டி நின்றவர் வீட்டில்தான் பரிசு இருக்க வேண்டும். மன்றத்தில் அந்த விதியைப் போட்டதே நீங்கள்தானே?

உள்ளங்கை நிறையக் கொப்புளங்களுடன்,
உங்கள் மனைவி