முப்பத்து நான்கு வயதுக்காரர்கள்

1839 பிப்ரவரி 4

இன்றும் கூட்டம். ஜேபஸ் டிரம்பத் பீப்பாய் மேல் ஏறி நின்று தென் ஆஸ்திரேலியாவைப் பற்றி ஒரு மணி நேரம் பொழிந்தார். எங்கள் கார்ன்வால் மாவட்டத்தைத் தாண்டாத ஆள்! அங்கே போட்டதெல்லாம் பொன்னாக விளையுமாம். செப்புச் சுரங்கத்தில் வேலை போன பத்துக் குடும்பங்கள் வாயைப் பிளந்து கேட்டன. அவருடையதோடு பதினொன்று. எழுதத் தெரிந்தவள் என்பதால் அங்கே குடியேற விண்ணப்பம் எழுதும் வேலை என் தலையில். புருஷனை அதே சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டுத் துணி தைத்துப் பிழைக்கிறவளுக்கு இதுவும் ஒரு வேடிக்கை.

பிப்ரவரி 11

இலவசப் பயணம் முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான் என்று குடியேற்ற முகவரின் கடிதம். படித்துக் காட்டியதும் ஆளாளுக்கு விரல் மடக்கித் தங்கள் வயதை எண்ணினார்கள்.

பிறகு நரைத்த தாடிக்காரர் தாமஸ் ரோஸ்வேர் என்னிடம் மெல்லச் சொன்னார்: "லவ்டேம்மா, என் வயசு எனக்கே சரியாத் தெரியாது. முப்பத்து நாலுன்னு போட்டுக்கயேன்."

போட்டேன். அவர் மூத்த மகனுக்கு இருபத்திரண்டு. மாலைக்குள் ஊரில் அத்தனை பேரும் ஒரே வருடத்தில் பிறந்திருந்தார்கள். ஞாயிறு தவறாமல் ஜெபக்கூடம் போகிற ஜனம்!

பிப்ரவரி 12

டிரம்பத் மட்டும் நாற்பத்து மூன்று என்றே எழுதச் சொன்னார். "ஆண்டவர் பேரைச் சொல்லி இவங்களை அந்த நாட்டுக்குக் கூப்பிட்டவன் நான். நானே பொய் சொன்னா எப்படிம்மா?"

நல்ல நாடகம். ஆள் சேர்த்துத் தருபவருக்கு வயதில் சலுகை உண்டென்று முகவர் ஏற்கெனவே காதில் ஓதியிருப்பார். எனக்குத் தெரியாதா இந்த ஆளை?

மார்ச் 20

பதில் வந்தது. பத்துக் குடும்பங்களுக்கும் இடம். டிரம்பத் குடும்பத்துக்கு இல்லை.

சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஏன் வரவில்லை?

மார்ச் 23

மூன்று நாளாயிற்று, பத்துக் குடும்பத்தில் ஒரு நாய்கூட அவர் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பெட்டி கட்டக் கயிறு தேடுகிறார்களாம். தூ!

நான் போனேன். வயதைக் குறைத்து வேறு முகவருக்கு எழுதித் தருகிறேன் என்றேன். மறுத்துவிட்டார். தனியாக வரும் பெண்களைக் கவனிக்கக் கப்பலுக்கு ஒரு விதவை தேவையாம், வயது வரம்பில்லையாம். என்னைப் போகச் சொன்னார்.

"அந்தக் கும்பலைக் கண்டாலே எனக்கு ஆகாதே" என்றேன்.

"அதனாலதான் சொல்றேன். அங்க அதுங்களுக்குக் கடுதாசி படிக்கத் தெரியாது, எவனாவது ஏமாத்துவான். உன்னை ஏமாத்த முடியாது."

மார்ச் 24

எனக்கும் ஒரு விண்ணப்பம். வயது முப்பத்தெட்டு. நான் எழுதிய விண்ணப்பங்களில் டிரம்பத்தின் வயதுக்கு அடுத்து இது இரண்டாவது உண்மை.

மே 2, பிளிமத் துறைமுகம்

ரோஸ்வேரின் பெட்டியை வண்டியிலிருந்து தோளில் சுமந்து வந்து கப்பலில் ஏற்றியவர் டிரம்பத். ரோஸ்வேரோ நல்ல படுக்கைக்காக அடுத்தவனோடு சண்டையில் இருந்தார். யாரும் டிரம்பத்திடம் விடைபெறவில்லை. கரை மறையும்வரை அவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

மே 3

கடலில். ஊருக்கு முதல் கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'மரியாதைக்குரிய டிரம்பத் அண்ணனுக்கு' என்று தொடங்கினேன். அதற்கு மேல் எழுதும் முன், பிப்ரவரி 12 பக்கத்தைத் திருப்பி 'நல்ல நாடகம்' என்ற வரியை அடித்தேன்.