கால்குலஸில் ஒரு W

பிட்டர் க்ரீக், மொண்டானா
ஜூன் 4

அன்புள்ள அப்பா,

கோவேறு கழுதைகளில் தபாலும் சாமானும் ஏற்றிவரும் க்ளெம் நாளை உங்கள் மலைக்கு வருகிறாராம். அதனால் அவசரமாக எழுதுகிறேன். போன் எட்டாத கோபுரத்தில் உட்கார்ந்து காட்டுத்தீ கிளம்புகிறதா என்று காவல் பார்க்கும் அப்பா எனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறார்.

பன்னிரண்டாம் வகுப்புக்கு முன்பே, இந்தக் கோடையில் ஒரு காலேஜ் பாடம் படிக்கலாம் என்கிறார்கள் பள்ளியில். கால்குலஸ் எடுக்கட்டுமா, வெல்டிங்கா? எனக்கு வெல்டிங்தான் ஆசை. "உங்கப்பா கேட்டா கோபுரத்துலேருந்து குதிச்சிடுவாரு" என்கிறாள் அம்மா. என் தோழி ஜாஸ்லின் மூன்று பாடம் எடுத்துவிட்டாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சீக்கிரம் சொல்லுங்கள்.

உங்கள் ப்ரின்னா

கோபுரம், ஜூன் 6

செல்லக்குட்டி,

வெல்டிங்கா? இருபது வருஷம் அதில் குனிந்து இடுப்பை ஒடித்துக்கொண்டவன் சொல்கிறேன், வேண்டாம். கால்குலஸ் எடு. அதில் தோற்றுத்தான் நான் இஞ்சினியர் ஆகாமல் போனேன். நீ ஆகிவிட்டால் எனக்கு அது போதும். அம்மாவிடம் சொல், குதிக்கவில்லை, காப்பிதான் கொட்டிவிட்டது.

அப்பா ஓரின்

ஜூலை 8

அன்புள்ள அப்பா,

இங்கே வெயில் கொளுத்துகிறது. அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை. கணக்கு விஷயம்: எனக்கு W போட்டுவிட்டார்கள். அதற்கு மேல் எழுத வரவில்லை. க்ளெம் வாசலில் நின்று கத்துகிறார்.

ப்ரின்னா

கோபுரம், ஜூலை 10

என் தங்கமே!

W! எத்தனை ஆட்டத்தின் முடிவுகளைப் பேப்பரில் பார்த்திருக்கிறேன், W என்றால் Win, ஜெயம் என்று எனக்குத் தெரியாதா! பக்கத்து மலைக் கோபுரத்து ஈடித்துக்கு வயர்லெஸ்ஸில் சொன்னேன். "ஜெயிச்சது உம்ம பொண்ணு, நீர் ஏன்யா மூக்கை உறிஞ்சுறீர்?" என்று கேலி செய்தாள். வயர்லெஸ்ஸில் கேட்டுக்கொண்டிருந்த நாலு மலைக் கோபுரக்காரர்களும் கை தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்பா

ஜூலை 22

அப்பா,

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மூன்று தாள் கிழித்துப் போட்டேன். காலேஜில் W என்றால் ஜெயம் இல்லை, Withdrawal, விலகல். ஃபெயில் ஆவதற்குள் பாதியில் ஓடிவந்தவர்களுக்குப் போடுகிற எழுத்து. எந்தக் காலேஜுக்குப் போனாலும் என் பதிவில் அது கூடவே வரும். உங்களுக்காகத்தான் எடுத்தேன். வகுப்பில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பஸ்ஸிலேயே அழுவேன்.

இன்னொன்று. செப்டம்பரில் தொடங்கும் வெல்டிங்குக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை.

திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

ப்ரின்னா

கோபுரம், ஜூலை 24

ப்ரின்னா,

கோபம்தான், பொய் சொல்ல மாட்டேன். நீ பஸ்ஸில் அழுதபோது நான் இங்கே தெரியாமல் இருந்திருக்கிறேன், அதனால் பெரும்பகுதி என் மேலேயே.

காலையில் வயர்லெஸ்ஸில் எல்லோருக்கும் உண்மையைச் சொன்னேன். ஈடித், "உம்ம பொண்ணு புகையைப் பார்த்ததுமே வெளியே வந்துட்டாளே. காடு பத்தி எரியட்டும்னு உக்காந்திருக்கணுமா?" என்றாள். எனக்குத்தான் அது தோன்றவில்லை.

வெல்டிங்குக்குப் பருத்திச் சட்டை போடு. நைலான் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ரொம்பக் குனியாதே, மேஜையை உயர்த்திக்கொள்.

இந்தக் கோபுரத்து வரைபடத்தில் W என்றால் மேற்கு. நம் வீடு அந்தப் பக்கம். நாலு திசையையும் சமமாகப் பார்க்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. வந்த நாளிலிருந்து அதை நான் மீறிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அப்பா